இத்தாலிக்காரரிடம் பேசிப் பார்ப்போமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

ஒர்க்‌ஷாப்பில் ஃபைல் பிடிக்கிற நமக்கு இத்தாலி மொழி எதற்கு என்று கேட்பீர்கள். நம்மில் சிலர் கப்பலுக்குப் போவோம். சிலரைக் கம்பெனியே மெஷின் பார்த்து வர அனுப்பலாம். என் மாமா கப்பலில் ஃபிட்டர், ஜெனோவா துறைமுகத்துக்குப் பலமுறை போய் வந்தவர். லீவில் வரும்போதெல்லாம் அவரைப் பிடித்து வைத்து எழுதிக்கொண்டதும், பிறகு புத்தகத்தில் சரிபார்த்ததும் சேர்ந்ததுதான் இக்கட்டுரை.

முதலில் ஒரு நல்ல செய்தி. உச்சரிப்பில் நமக்கு ஆங்கிலேயரை விட வசதி அதிகம். இத்தாலியில் பெரும்பாலான சொற்கள் உயிரெழுத்தில் முடியும். அவர்களுடைய 'டி' எழுத்து நம் 'த'தான், பல்லில் நாக்கு பட வேண்டும். 'ட' என்று அடித்துப் பேசினால் காதுக்கு உறுத்தும். 'ஜி'யும் 'என்'னும் சேர்ந்து வந்தால் அப்படியே நம்ம 'ஞ'! 'ஹெச்'சுக்குச் சத்தமே கிடையாது. ஒற்றும் இரட்டையும் அங்கே முக்கியம். பலிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு இது பெரிய விஷயமா? 'பாலா' என்றால் மண்வெட்டி, 'பல்லா' என்றால் பந்து. வயதைச் சொல்லும்போது மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. வருடம் என்பது 'அன்னோ'. ஒரு 'ன்'னை விழுங்கி 'ஆனோ' என்றால் உடம்பில் சபையில் சொல்லக்கூடாத இடம். அதற்கு மேல் இங்கே எழுத முடியாது.

காலையில் யாரைப் பார்த்தாலும் 'புவோன் ஜோர்னோ', சாயங்காலம் 'புவோனா சேரா'. கடைக்குள் நுழைந்ததும் இதைச் சொல்லாமல் சாமானைத் தொட்டால் மரியாதை இல்லாதவன் என்று நினைப்பார்கள். சினிமாவில் கேட்ட 'ச்சாவ்' நண்பர்களுக்கு மட்டும், போலீஸ்காரரிடம் வேண்டாம். நம் நீ, நீங்க மாதிரி அங்கேயும் உண்டு. நீ என்பது 'தூ'. மரியாதையாக நீங்க என்பது 'லேய்'. திருநெல்வேலி நண்பர்கள் கோபிக்க வேண்டாம், அங்கே அதுதான் மரியாதை! முன்பின் தெரியாதவரிடம் மன்னிப்புக் கேட்க 'ஸ்கூசி', சிநேகிதனிடம் 'ஸ்கூசா'. கூட்டத்தில் வழிவிடச் சொல்ல 'பெர்மெஸ்ஸோ'. நன்றிக்கு 'க்ராத்ஸியே'. பதிலுக்கு அவர்கள் சொல்வது 'ப்ரேகோ'. இந்த ஒரு சொல்லே பரவாயில்லை, வாங்க, உட்காருங்க, சொல்லுங்க என்று எல்லாவற்றுக்கும் ஓடும்.

எண்கள்: ஊனோ, தூவே, த்ரே, க்வாத்ரோ, ச்சின்க்வே, செய், செத்தே, ஒத்தோ, நோவே, தியேச்சி. ஆறு 'செய்', ஏழு 'செத்தே'. 1942-ல் காந்தியடிகள் சொன்ன 'செய் அல்லது செத்து மடி'யை நினைத்துக்கொண்டால் இரண்டும் மறக்காது. இன்னும் இரண்டு வேடிக்கை: 'நோய்' என்றால் நாம், 'பொய்' என்றால் பிறகு.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். 'லாத்தே' என்று கேட்டால் வெறும் பால்தான் வரும். காபி வேண்டுமென்றால் 'உன் கஃபே, பெர் ஃபவோரே'. அதுவும் ரெண்டு மடக்குக் கசாயம்தான், நம்ம டிகிரி காபியை எதிர்பார்க்காதீர்கள். நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் பல இடங்களில் அதிக விலை. பில் கேட்க 'இல் கோன்தோ'. அதில் 'கொபெர்தோ' என்று ஒரு தொகை இருந்தால் ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதீர்கள்; மேஜைக்கும் ரொட்டிக்குமான வழக்கமான கட்டணம் அது. சைவர்கள் 'சோனோ வெஜெதாரியானோ' என்று சொல்ல வேண்டும், பெண்கள் 'வெஜெதாரியானா'. அதோடு நிறுத்தாமல் 'சென்த்ஸா ப்ரோதோ தி கார்னே' என்றும் சேர்க்கணும். இறைச்சி வேகவைத்த தண்ணீர் வேண்டாம் என்று அர்த்தம். காய்கறி சூப்பில்கூட அது இருக்கலாம்.

குளியலறைக் குழாயில் 'ஸி' என்று இருந்தால் குளிர்ந்த தண்ணீர் என்று ஆங்கில ஞாபகத்தில் திறக்காதீர்கள். 'கால்தோ' என்றால் சூடு. 'எஃப்' போட்ட 'ஃப்ரெத்தோ'தான் பச்சைத்தண்ணீர். மாமா முதல் நாளே கையைச் சுட்டுக்கொண்டார்.

ரயில் நிலையத்தில் தெரிய வேண்டிய முதல் சொல் 'பினாரியோ', அதாவது எந்தத் தண்டவாளம். 'தா க்வாலே பினாரியோ பார்த்தே இல் த்ரேனோ பெர் மிலானோ?' என்றால் மிலான் ரயில் எந்த பிளாட்பாரத்திலிருந்து கிளம்புகிறது என்று பொருள். பலகையில் 'ரிதார்தோ' என்றால் தாமதம், 'ஷோபெரோ' என்றால் வேலைநிறுத்தம். சாதாரண வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் உள்ள சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தாலும், குத்தாவிட்டால் அபராதம்தான். அந்த இயந்திரத்தில் 'குவாஸ்தோ' என்று ஒட்டியிருந்தால் நம் பாஷையில் ரிப்பேர். அப்போது டிக்கெட் பரிசோதகரை நாமாகவே போய்ப் பார்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது இது. மாமாவோடு கரையிறங்கிய ஆயிலர் ஒருவருக்குத் தெருவிலேயே நெஞ்சு வலி வந்துவிட்டது. ஆங்கிலம் தெரிந்தவர் பக்கத்தில் யாரும் இல்லை. பச்சைச் சிலுவை விளக்கு எரிகிற கடை 'ஃபார்மச்சீயா', மருந்துக்கடை. மாமா அங்கே ஓடி, ஆயிலரின் நெஞ்சைக் காட்டிச் சொன்னது இரண்டே சொல்: 'மாலே, க்வீ'. வலி, இங்கே. கடைக்கார அம்மாள் உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். ஆயிலர் பிழைத்துக்கொண்டார். முழு வாக்கியம் 'மி ஃபா மாலே க்வீ', எனக்கு இங்கே வலிக்கிறது. டாக்டர் வேண்டுமென்றால் 'ஓ பிஸோஞ்ஞோ தி உன் மேதிகோ'. உதவிக்குக் கூப்பிட 'அயூத்தோ!' போனில் அழுத்த வேண்டிய எண் 112. ஊனோ, ஊனோ, தூவே.