காசிக்குப் பதினைந்து மாதமும் இரண்டரை மணியும்

1830-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், அந்நாளைய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக விளங்கிய ஏனுகுல வீராசாமி, ஏறத்தாழ நூறு பேருடன் காசி யாத்திரை புறப்பட்டார். ஹைதராபாத், நாகபுரி வழியாகப் பிரயாகை அடைந்து, காசியையும் கயையையும் தரிசித்து, கல்கத்தா, பூரி என்று கடலோரமாகத் திரும்பினார். அவர் மீண்டும் சென்னையை அடைந்தது 1831 செப்டம்பர் 3-ஆம் நாள். பதினைந்து மாதங்களுக்கு மேல்! வழியில் அவர் தெலுங்கில் எழுதிவந்த குறிப்புகளே பின்னர் நூலாக வெளிவந்தன.

காசிக்குச் செல்வோர் திரும்புவது நிச்சயமில்லை என்பதால், சொத்தைப் பங்கிட்டு, உற்றாரிடம் விடைபெற்றுச் செல்வது அக்கால வழக்கம். பின்னர் இரயில் வந்தது. 2,100 கிலோமீட்டருக்கும் கூடுதலான அந்த இருப்புப்பாதைப் பயணம் ஒன்றரை நாளில் முடிந்தது. இன்றோ மீனம்பாக்கத்திலிருந்து காசியை அடுத்த பாபத்பூர் விமான நிலையம் வான்வழியே சுமார் 1,400 கிலோமீட்டர்தான். நேர் விமானமாயின் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மயிலாப்பூரில் காலைப் பலகாரம் முடித்துப் புறப்படுபவர், மாலையில் கங்கா ஆரத்தியைத் தரிசிக்கலாம்.

தூரம் சுருங்கியதில் ஓர் ஆபத்தும் உண்டு. யாத்திரையும் உடன் சுருங்கிவிடுகிறது. இராமேசுவரத்துச் சேது மணலைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வதே முழுமையான காசி யாத்திரை என்பர் பெரியோர். கயையில் அட்சய வடத்தின் கீழ் பிண்டமிட்டு, ஒரு காய், ஒரு கனி, ஓர் இலையை விட்டுவருவதும் அதன் அங்கமே. விமானம் இவ்விரு தலங்களையும் தாண்டி நேரே காசியில் இறக்கிவிடுகிறது. பிரயாகை அங்கிருந்து சாலை வழியே சுமார் 125 கிலோமீட்டர். கயை சுமார் 250 கிலோமீட்டர். இரண்டே நாளில் திரும்புவோருக்கு இவை கிட்டா. ஆதலால், விமானம் மிச்சப்படுத்தும் நாட்களைப் பிரயாகைக்கும் கயைக்கும் கொடுப்பதே முறையாகும்.

முதியோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் நலம். பயணச்சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டுமெனத் தெரிவித்துவிடலாம். பாபத்பூரிலிருந்து நகருக்குள் செல்ல ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். விசுவநாதர் சந்நிதி வரை வாகனம் செல்லாது, சற்று நடக்க வேண்டும். கங்கைச் செம்புகளைத் துணியால் சுற்றி, விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைப்பது நல்லது. மார்கழி, தை மாதங்களில் மூடுபனியால் விமானங்கள் தாமதப்படுவதுண்டு. வீட்டில் சிராத்த திதி இருப்பின், அதற்கு முதல் நாள் திரும்புவதாக ஏற்பாடு செய்ய வேண்டாம்.

செல்ல இயலாதோர் மனம் தளர வேண்டியதில்லை. மேற்கு மாம்பலத்திலேயே காசி விசுவநாதர் கோயில் கொண்டிருக்கிறார். அவர் சந்நிதியில் நின்று நினைத்தாலும் காசிநாதன் அருள் கிட்டும்.