உடைந்த கற்சிற்பத்தை வீட்டில் ஒட்டுதல்

மாக்கல் யானை கீழே விழுந்தால் முதலில் போவது தும்பிக்கை. கிருஷ்ணன் சிலையானால் புல்லாங்குழலும் அதைப் பிடித்த விரல்களும். கல் மேலிருந்து வரும் பெரும் பாரத்தையும் தாங்கும். இழுத்தாலும் வளைத்தாலும் சட்டென்று விட்டுவிடும். அதனால் மெலிந்து நீண்ட பகுதிகளே உடைகின்றன. ஒட்டுப் போட வேண்டிய இடமும் எப்போதும் சிற்பத்தின் மிக மெல்லிய இடமாகவே அமைந்துவிடுகிறது.

பசையைத் தொடுவதற்கு முன் அது என்ன கல் என்று தெரிந்துகொள்வது நல்லது. அடிப்பாகத்தில், கண்ணுக்குப் படாத மூலையில் நகத்தால் கீறினால் கோடு விழுந்து, தொட்டால் சோப்புபோல வழுக்கினால் அது மாக்கல். நகத்துக்கு அசையாமல் கத்தி முனைக்கு மட்டும் கீறல் விழுந்தால் பெரும்பாலும் பளிங்கு. கத்தியும் வழுக்கிக்கொண்டு போனால் கருங்கல். மாமல்லபுரத்துக் கடைகளில் இருந்து வீடுகளுக்கு வரும் சிறு சிற்பங்களில் மாக்கல்லும் கருங்கல்லும் உண்டு. பளிங்கு என்று சொல்லி வாங்கிய வெள்ளைச் சிலை கீறிப் பார்த்தால் மாக்கல்லாக இருப்பதும் உண்டு. பளிங்குக்குப் புளிப்பு ஆகாது. பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தில் பளிங்குக்கும் புளியோ எலுமிச்சையோ வைத்தால் அமிலம் கல்லையே அரித்து மெருகைப் போக்கிவிடும்.

எவ்வளவு வலுவான பசையோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது சரியல்ல. பசை கல்லைவிட வலுவாக இருந்தால், அடுத்த முறை அடிபடும்போது ஒட்டு நிற்கும். அதற்குப் பக்கத்தில் கல் புதிதாக உடையும். தேவையானபோது பிரித்து, மறுபடி பொருத்த இடம் கொடுப்பதே நல்ல ஒட்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் துல்லியோ லொம்பார்டோ செதுக்கிய பளிங்கு ஆதாம் சிலை 2002 அக்டோபரில் பீடம் சரிந்து விழுந்து, 28 பெரிய துண்டுகளும் நூற்றுக்கணக்கான சில்லுகளுமாகச் சிதறியது. அதை மீட்டெடுத்தவர்கள் அசிட்டோனில் கரையக்கூடிய அக்ரிலிக் பிசினைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சிலை மறுபடி பார்வைக்கு வர 2014 நவம்பர் ஆயிற்று. கோயில்களில் மூலவரைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்திலும் இதே அறிவு இருக்கிறது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், காவி, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்க்கும் அந்தக் கலவை கல்லைவிட மென்மையானது. காலப்போக்கில் தளர்ந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, குடமுழுக்கின்போது புதிதாகச் சாத்துவார்கள்.

வீட்டில் கைக்கு எட்டும் பசைகள் சில. மரத்துக்கு ஏற்ற வெள்ளைப் பசை கல்லுக்கு உதவாது. ஈரம் பட்டால் இளகும், பாரம் இருந்தால் மெல்ல நகரும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை விரல் நுனி, காது மடல் போன்ற சிறு துண்டுகளுக்குப் போதும். அது இடைவெளியை நிரப்பாது. இரண்டு முகங்களும் இடுக்கின்றிப் பொருந்தினால்தான் பிடிக்கும். அசிட்டோனில் மெல்லக் கரையும் என்பதால் தவறினாலும் திருத்த வழியுண்டு. தலை, கை போல எடையுள்ள துண்டுக்கு இரண்டு குழாய்களில் வரும் அரால்டைட் போன்ற எபாக்சி வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட மெதுவாக இறுகும் வகை மேல்; துண்டைச் சரிபார்த்து நகர்த்த அவகாசம் கிடைக்கும். ஆனால் இறுகியபின் எபாக்சியைக் கரைப்பது கடினம், வெயில் பட்டால் மஞ்சளாகும். வெள்ளைக் கல்லில் அந்த மஞ்சள் கோடு நன்றாகவே தெரியும்.

துண்டுகள் அனைத்தையும், சில்லுகளோடு, முதலில் ஒரு தட்டில் சேர்க்க வேண்டும். பொருந்துகிறதா என்று மறுபடி மறுபடி உரசிப் பார்க்கும் ஆசையை அடக்குவது முக்கியம். ஒவ்வோர் உரசலிலும் உடைந்த முகத்தின் நுண்ணிய மணிகள் உதிர்ந்து, பொருத்தம் தளர்ந்துகொண்டே போகும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, அசிட்டோன் தொட்ட பஞ்சால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து உலரவிட வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பதால் அது வேண்டாம். மூன்று நான்கு துண்டுகள் இருந்தால் பசையில்லாமல் நாடா ஒட்டி வரிசையைப் பார்த்துவிடுவது உத்தமம். முதலும் மூன்றாவதும் ஒட்டிய பிறகு இரண்டாவது துண்டு நுழைய வழியின்றி நிற்பது பலருக்கும் நேர்வது.

பிறகு ஒரு பாத்திரம் நிறைய அரிசியோ மணலோ எடுத்து, உடைந்த முகம் மேல்நோக்கி மட்டமாக இருக்கும்படி சிற்பத்தை அதில் புதைத்து நிறுத்த வேண்டும். மேலே வைக்கும் துண்டு தன் எடையாலேயே அழுந்தி நிற்கும். கை நடுங்கிக்கொண்டு பிடித்திருக்கத் தேவையில்லை. எபாக்சியின் இரண்டு பகுதிகளையும் சம அளவில் எடுத்து நன்கு குழைத்து, ஒரு முகத்தில் மட்டும், விளிம்புக்குச் சற்று உள்ளே தள்ளி மெல்லிய படலமாகத் தடவினால் போதும். பிதுங்கி வரும் பசையை உடனே துடைத்தால் கல்லின் துளைகளுக்குள் பரவிக் கறையாகும். பாலாடைக்கட்டிப் பதத்துக்கு இறுகும்வரை காத்திருந்து பிளேடால் சீவி எடுப்பது சுத்தமான வழி. அதன்பின் ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும்.

சில்லு காணாமல் போன பள்ளத்தை அதே கல்லின் பொடியால் நிரப்பலாம். சிற்பத்தின் அடியில் அரத்தால் தேய்த்தால் பொடி கிடைக்கும். ஈரத் துணியை விரித்து, முகக்கவசம் அணிந்து தேய்ப்பது அவசியம், கல் தூசி நுரையீரலுக்குக் கேடு. பசை கலந்ததும் பொடியின் நிறம் கருக்கும். அதனால் தனியே ஒரு துளி குழைத்து உலர்த்தி நிறத்தைப் பார்த்தபின் நிரப்புவது நல்லது. மேடாக இறுகியதை உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து மட்டப்படுத்தலாம்.

கனமான துண்டுக்குள் கம்பி செருக வேண்டியிருந்தால் இரும்பு ஆணி கூடவே கூடாது. துரு ஏறிய இரும்பு பருத்துக் கல்லைப் பிளக்கும். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் கோயில்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்த இரும்புப் பிணைப்புகள் பளிங்கைப் பிளந்ததால் அவற்றை அகற்றி டைட்டானியம் பொருத்த நேர்ந்தது. வீட்டுக்குப் பித்தளைக் கம்பியோ கண்ணாடியிழைக் குச்சியோ ஏற்றது.

ஒட்டவே கூடாதவையும் உண்டு. விரிசல் விட்ட கல்சட்டியை எபாக்சியால் ஒட்டி மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. சூட்டில் பசை இளகும், குழம்பிலும் சேரும். நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதன் துண்டுகளைத் தனித்தனியே துணியில் சுற்றிச் சிற்பப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் கொண்டுபோவதே முறை. பின்னமான விக்கிரகத்தை வழிபடுவதில்லை என்பது மரபு என்பதால் ஒட்டிய சாமி சிலையைப் பூசையறைக்குப் பதில் அலமாரியில் வைப்பார்கள். அங்கேயும் நேர் வெயில் படாத தட்டில் வைத்து, தூக்கும்போது ஒட்டிய கையையோ தும்பிக்கையையோ பிடிக்காமல் அடிப்பீடத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும்.