பெட்டி கட்டும் முன்னே

நவம்பர் மாத இறுதியில் சிராங்கூன் சாலையில் நடந்து பாருங்கள். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்குத் தமிழகம் செல்லத் தயாராகும் குடும்பங்களைக் காணலாம். முஸ்தபா கடையில் சாக்லேட்டும் தைலமும் சோப்பும் வாங்கித் தள்ளுவண்டியை நிரப்புகிறார்கள். நாணய மாற்றுக் கடைகளில் அன்றைய மாற்று விகிதத்தை விசாரிக்கிறார்கள். வீடு திரும்பியதும், பெட்டியின் எடை அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிவிட்டதா என்று இரண்டு மூன்று முறை நிறுத்துப் பார்க்கிறார்கள். ஆனால், “பயணக் காப்புறுதி வாங்கியாயிற்றா?” என்று கேட்டால், “சொந்த ஊருக்குத்தானே போகிறோம், அது எதற்கு?” என்ற பதில்தான் பல வீடுகளில் கிடைக்கிறது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையில் பெருமழை பெய்தது. அடையாற்று வெள்ளம் விமான நிலையத்திற்குள் புகுந்து ஓடுபாதையை மூழ்கடித்தது. விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. நகருக்கு வெளியே அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமானத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. அத்தகைய நேரத்தில் ஊர் திரும்ப முடியாமல் தவிக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கூடுதல் நாள்கள் தங்குவதற்கு யார் பணம் கொடுப்பது? தாத்தாவின் சர்க்கரை நோய் மாத்திரைகள் தீர்ந்துபோனால் என்ன செய்வது? சொந்த ஊர்க்காரர் என்பதற்காக வெள்ளம் நமக்கு வழிவிடுவதில்லை.

எனவே, வெளிநாட்டுப் பயணம் எதுவாக இருந்தாலும் அதற்கான பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பெட்டி கட்டும் முன்னரே தொடங்க வேண்டும்.

ஆவணங்களைச் சரிபார்த்தல்

முதலில் கடப்பிதழை எடுத்துப் பார்க்க வேண்டும். பயணம் செய்யும் நாளில் கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதங்களுக்காவது செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. இதில் உங்களைப் போன்ற மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2021 அக்டோபர் முதல், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்குப் பத்தாண்டுக் கடப்பிதழ் வழங்கப்படுகிறது. ஆனால், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐந்தாண்டுக் கடப்பிதழே வழங்கப்படுகிறது. ஆகவே, பெற்றோரின் கடப்பிதழும் உங்களுடையதும் ஒரே நாளில் பெறப்பட்டிருந்தாலும் உங்களுடையது முன்னதாகவே காலாவதியாகிவிடக்கூடும்.

அடுத்தது விசா. சிங்கப்பூர்க் கடப்பிதழைக் கொண்டு பல நாடுகளுக்கு விசா இல்லாமல் செல்லலாம். இந்தியாவுக்குச் செல்ல விசா தேவை. அதனை இணையம்வழியாகவே பெறலாம். ஆனால், அரசாங்க இணையத்தளத்தைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் கட்டணம் பறிக்கும் தளங்கள் இருக்கின்றன. முகவரியைச் சரிபார்த்த பிறகே விவரங்களை நிரப்ப வேண்டும்.

பயண நிறுவனத்தின்மூலம் சுற்றுலா செல்வதாக இருந்தால், அந்நிறுவனம் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றுள்ளதா என்று பார்ப்பது அவசியம். உரிமம் இருந்தாலும் நிறுவனம் நொடித்துப் போகாது என்று சொல்ல முடியாது. 2014ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கு நன்கு அறியப்பட்ட பயண நிறுவனம் ஒன்று திடீரென மூடப்பட்டது. முன்பணம் செலுத்திய வாடிக்கையாளர்கள் பலர் பாதிக்கப்பட்டனர். பயண நிறுவனம் நொடித்துப்போனால் இழப்பீடு தரும் காப்புறுதித் திட்டங்களும் உள்ளன. அந்த அம்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

காப்புறுதி எவ்வாறு உதவுகிறது?

பலர் சேர்ந்து ஆளுக்குச் சிறு தொகையைச் செலுத்துகிறார்கள். அவர்களில் யாருக்காவது எதிர்பாராத இழப்பு நேர்ந்தால், சேர்ந்த தொகையிலிருந்து அவருக்கு ஈடு வழங்கப்படுகிறது. இதுவே காப்புறுதியின் அடிப்படை. பெட்டி தொலைவது, விமானம் தாமதமாவது, பயணம் ரத்தாவது போன்றவற்றுக்குப் பயணக் காப்புறுதி இழப்பீடு தருகிறது. ஆயினும், அதன் முக்கியப் பயன் மருத்துவச் செலவை ஏற்பதுதான்.

சிங்கப்பூரில் நாம் நோயுற்றால் மெடிஷீல்டு லைஃப் திட்டம் பெரிய மருத்துவமனைக் கட்டணங்களைச் சமாளிக்கக் கைகொடுக்கிறது. ஆனால், அத்திட்டம் வெளிநாட்டில் பெறும் சிகிச்சைக்குப் பொருந்தாது. வெளிநாட்டில் ஒருவருக்குக் கால் முறிந்தால், அறுவைச் சிகிச்சைக்கான செலவைக் குடும்பமே ஏற்க வேண்டியிருக்கும். நோயாளியை மருத்துவ வசதியுள்ள விமானத்தில் சிங்கப்பூருக்குக் கொண்டுவர நேர்ந்தால், செலவு பல்லாயிரம் வெள்ளியைத் தொட்டுவிடும். அந்தச் செலவுக்கு முன்னால் காப்புறுதிக் கட்டணம் மிகச் சிறியது.

எப்போது வாங்க வேண்டும்?

புறப்படும் நாளில் சாங்கி விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் காப்புறுதி வாங்குவோர் உண்டு. அது அறவே இல்லாததைவிட மேல்; ஆனால், தாமதமான முடிவு. அதற்கான காரணத்தைப் பாலித் தீவில் நடந்த நிகழ்ச்சி விளக்குகிறது.

2017 செப்டம்பர் 22ஆம் தேதி, பாலியில் உள்ள ஆகுங் எரிமலைக்கான எச்சரிக்கை உச்ச நிலைக்கு உயர்த்தப்பட்டது. நவம்பர் 21ஆம் தேதி அது சாம்பலைக் கக்கத் தொடங்கியது. நவம்பர் 27ஆம் தேதி விமான நிலையம் மூடப்பட்டது. 29ஆம் தேதிதான் மீண்டும் திறக்கப்பட்டது. சிக்கிக்கொண்ட பயணிகளில் பலர் பேருந்திலும் படகிலும் நீண்ட நேரம் பயணம் செய்து, ஜாவாத் தீவின் சுராபாயா நகருக்குச் சென்று அங்கிருந்து விமானம் ஏறினர்.

எரிமலை பற்றிய எச்சரிக்கை வெளிவருவதற்கு முன்பே காப்புறுதி வாங்கியவர்கள் இழப்பீடு கோர முடிந்தது. எச்சரிக்கைக்குப் பிறகு வாங்கியவர்களுக்கு எரிமலையால் ஏற்படும் இழப்புகளுக்கு ஈடு கிடையாது என்று காப்புறுதி நிறுவனங்கள் பல அறிவித்தன. ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஆபத்துக்குக் காப்புறுதி பொருந்தாது. வீடு தீப்பற்றிய பிறகு தீக்காப்புறுதி வாங்க முடியுமானால், முன்கூட்டியே பணம் செலுத்த யார் முன்வருவார்கள்? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். பயணச்சீட்டு வாங்கும் அன்றே காப்புறுதியையும் வாங்கிவிட்டால், புறப்படுவதற்கு முன் நேரும் தடங்கல்களுக்கும் பாதுகாப்புக் கிடைக்கும்.

எவற்றுக்கு இழப்பீடு கிடைக்காது?

காப்புறுதி வாங்கியவர்கள்கூட இழப்பீடு கிடைக்காமல் ஏமாற்றமடைவது உண்டு. ஒப்பந்தத்தில் உள்ள விலக்குகளைப் படிக்காததே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

வயதானவர்களை ஊருக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் ஒரு விலக்கை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இதய நோய், நீரிழிவு போன்று பயணத்திற்கு முன்பிருந்தே உள்ள நோய்களால் ஏற்படும் செலவுகளைச் சாதாரணத் திட்டங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அத்தகைய நோய்களையும் உள்ளடக்கிய தனித் திட்டங்கள் உள்ளன. அவற்றின் கட்டணம் சற்று அதிகம். ஆயினும், பாட்டிக்கு எந்தத் திட்டம் உண்மையில் பயன்படுமோ அதனையே வாங்க வேண்டும்.

இளையர்கள் கவனிக்க வேண்டிய விலக்குகளும் உண்டு. உரிமம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டி விபத்துக்குள்ளானால் இழப்பீட்டை எதிர்பார்க்க முடியாது. ஆழ்கடல் முக்குளிப்பு, மலையேற்றம் போன்றவற்றைச் சில திட்டங்கள் ஏற்கும், சில ஏற்கா. ஏற்பவையும் ஆழத்திற்கும் உயரத்திற்கும் வரம்பு விதிக்கலாம்.

பயணத்தின்போது

வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் சிங்கப்பூரர்கள் தங்கள் பயண விவரங்களைப் பதிந்துகொள்ளலாம். நிலநடுக்கம், வெள்ளம், கலவரம் போன்றவை நேரும்போது, அங்குள்ள சிங்கப்பூரர்களை அமைச்சு தொடர்புகொள்ள இந்தப் பதிவு உதவும். சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய இந்த வேலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கடப்பிதழ் தொலைந்துவிட்டால், முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். பிறகு சிங்கப்பூர்த் தூதரகத்தை நாட வேண்டும். தமிழகத்தில் இருப்போருக்குச் சென்னையில் சிங்கப்பூரின் துணைத் தூதரகம் உள்ளது. நாடு திரும்புவதற்கான தற்காலிக ஆவணத்தைப் பெற அது உதவும். ஆனால், மருத்துவமனைக் கட்டணத்தையோ தங்கும் விடுதிச் செலவையோ தூதரகம் செலுத்தாது. அந்தச் சுமையைக் குறைப்பதற்குத்தான் காப்புறுதி இருக்கிறது.

இழப்பீடு கோருவதற்குச் சான்றுகள் தேவை. பொருள் திருடு போனால், பெரும்பாலான திட்டங்களின்படி 24 மணி நேரத்திற்குள் காவல் துறையிடம் புகார் செய்ய வேண்டும். பெட்டி வந்து சேரவில்லை என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்னரே விமான நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். மருத்துவக் கட்டண ரசீது, மருத்துவரின் அறிக்கை ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். கடப்பிதழ், காப்புறுதிப் பத்திரம், மருந்துச்சீட்டு ஆகியவற்றின் நகல்களைத் தனியாக ஒரு பையிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்வது நல்லது. அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளைக் கைப்பையிலேயே, சில நாள்களுக்குக் கூடுதலாக, எடுத்துச் செல்ல வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

காப்புறுதிப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பல பக்கங்களுக்கு அச்சிடப்பட்டிருக்கும். தாத்தா பாட்டியால் அதனைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் போகலாம். பெற்றோருக்கு நேரம் இல்லாமல் இருக்கலாம். இரு மொழிகளையும் அறிந்த உங்களால் அந்த வேலையைச் செய்ய முடியும். அடுத்த விடுமுறைக்கு முன் ஒருநாள் மாலை அவர்களுடன் அமருங்கள். எவற்றுக்கு இழப்பீடு உண்டு, எவற்றுக்கு இல்லை, அவசர நேரத்தில் எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பவற்றைப் படித்துத் தமிழில் விளக்குங்கள். அந்த எண்ணைத் தாத்தாவின் கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள். பெட்டியை நிறுத்துப் பார்க்கும் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.