தெமட்டகொடையை யார் படம் பிடிப்பார்?

கமராவைத் தூக்கினால் நம்மவர் சிகிரியாவுக்கும் நுவரெலியாவுக்குந்தான் ஓடுகிறார்கள். தெமட்டகொடையை யார் படம் பிடிப்பார்? 'தெமட்ட' என்பது குமிழமரத்தின் சிங்களப் பெயர், 'கொட' மேட்டுநிலம். மரமும் மேடும் பெயரிலே நிற்க, கண்முன் நிற்பவை பேஸ்லைன் வீதியும், கால்வாயும், மருதானைக்கு அடுத்த புகையிரத நிலையமும், பழைய நீராவி எஞ்சின்கள் பேணப்படும் கொட்டகையுமே. (கொட்டகைக்குள் படமெடுக்க அனுமதி கேளுங்கள்.)

இவற்றைப் படமாக்கப் பெரிய வித்தை வேண்டாம். உச்சிவெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். மாலைச் சாய்வெயிலில் உதிர்ந்த காரைகூடத் துலங்கும். கடையை மட்டும் தனியே எடுக்காதீர்கள். பெயர்ப்பலகை, பக்கத்து மதில், மின்கம்பம் எல்லாம் சேரட்டும். நாற்பது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு இடத்தை அடையாளம் சொல்பவை அவைதான்.

1944இல் மறைந்த நம் நாட்டுப் பெரும் புகைப்படக் கலைஞர் லயனல் வென்டின் நெகட்டிவ்கள் அவருக்குப்பின் அழிக்கப்பட்டன; அச்சுப் பிரதிகளால்தான் அவர் கலை பிழைத்தது. 1983 யூலையில் பொரளையில் மூண்ட வன்செயல் கொழும்பெங்கும் பரவியபோது, தமிழர் வீடுகளோடு குடும்ப அல்பங்களும் எரிந்தன. பின்வந்த யுத்த காலத்தில் கமராவுடன் தெருவில் நிற்பதே சந்தேகத்துக்கிடமானது. அதனால் பலர் வாழ்ந்த ஒழுங்கைகளுக்கு இன்று வாய்ச்சொல் மாத்திரமே சாட்சி.

கைத்தொலைபேசியில் எடுத்தாலும் அச்சிட்டு வையுங்கள். பின்புறத்தில் இடமும் திகதியும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். மை முன்பக்கம் ஊறும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.