சிரிக்க வைத்தவரின் ஏரிக்கரை இல்லம்

கனடாவின் ரொறன்ரோ மாநகரில் உறவினரைக் காணச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். வடக்கே ஏறக்குறைய 130 கிலோமீற்றர் சென்றால் ஒரில்லியா என்னும் சிறுநகர் உண்டு. அங்கே கூச்சிச்சிங் ஏரிக்கரையில், மரங்களினிடையே நிற்கும் வெண்ணிற மாடிவீட்டை நாம் கண்டோம். நகைச்சுவை எழுத்தாளர் ஸ்டீபன் லீகொக் (1869–1944) கோடைகாலத்தைக் கழித்த இல்லம் அது, இன்று நூதனசாலை.

லீகொக் தொழிலால் ஆசிரியர். மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பொருளியற்றுறைத் தலைவர். 1906இல் அவர் எழுதிய அரசறிவியற் பாடநூல் பல நாட்டு மாணவர் கைகளில் தவழ்ந்தது. பாடநூல் எழுதியவரை யார் நினைவில் வைத்திருக்கின்றனர்? அவர் பெயரை நிலைநிறுத்தியது 1912இல் வெளிவந்த 'சன்ஷைன் ஸ்கெச்சஸ் ஒவ் எ லிற்றில் ரவுண்' என்னும் நகைச்சுவை நூலே. மரிபோசா என்னும் கற்பனை ஊரின் கதை அது. அவ்வூர் நீராவிக்கப்பல் ஏரியில் மூழ்குகின்றது. ஆனால் நீர் ஆழமில்லாமையால் தரைதட்டி நின்றுவிடுகின்றது. காப்பாற்ற வந்தோரின் படகோ உண்மையாகவே அமிழ்ந்துபோக, கப்பலில் இருந்தவர்களே அவர்களைத் தூக்கிக் காப்பாற்றுகின்றனர்!

மரிபோசா எதுவென ஒரில்லியா மக்களுக்கு விளங்காமற் போகுமா? தொடராக நாளிதழில் வந்தபோது ஊரவரின் பெயர்களைக்கூட அவர் அவ்வளவாக மறைக்கவில்லை, நூலாக்கும்போதுதான் மாற்றினார். முடிதிருத்துநரையும் விடுதிக்காரரையும் எல்லோரும் அடையாளங் கண்டுகொண்டனர். சிலர் முகஞ் சுளித்தனர். அயலவரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. சிரித்தபின் அவர்கள் நடுவே குடியிருப்பது எளிதன்று. லீகொக் ஊரை விட்டகலவில்லை.

1908இலேயே அவர் நிலத்தை வாங்கிவிட்டார். இப்போதுள்ள வீடு எழுந்தது 1928இல். அதனைக் காண அவர் மனைவி இல்லை. 1925இல் புற்றுநோய் அவ்வம்மையாரைக் கொண்டுபோயிற்று. பத்து வயது மகனோடு தனித்துவிடப்பட்டார். 1936இல், வயதெல்லையைக் காட்டி, அவர் விரும்பாமலே பல்கலைக்கழகம் ஓய்வளித்தது. அவருடைய புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் உள்ள அறைகளில் நடக்கையில், நகைச்சுவையைவிட இவையே நம் நெஞ்சில் நின்றன. முன்விறாந்தையில் நின்று ஏரியை நோக்கியபோது, உடன் வந்த பிள்ளைகள்கூடச் சற்று நேரம் பேசவில்லை.

அவர் மறைந்தபின் வீடு பாழடைந்து கிடந்தது. 1957இல் அதனை விலைக்கு வாங்கி, மறுவருடம் நூதனசாலையாகத் திறந்தவர்கள் அதே ஒரில்லியா நகரத்தார். அதனோடும் நின்றுவிடவில்லை: 1961இல் தம் ஊரில் தொடங்கப்பட்ட நாட்டாரிசை விழாவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'மரிபோசா'.