நள்ளிரவில் அலறும் தீவு: பேய் அல்ல, பறவை!

பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடலோரம் ஸ்கோமர் என்று ஒரு சின்னத் தீவு. வசந்தகாலம் தொடங்கிவிட்டால், கும்மிருட்டு ராத்திரிகளில் அங்கே பயங்கர அலறல் கேட்கும். கழுத்தை நெரித்தால் கத்துவது போல ஒரு சத்தம். ஒன்று, இரண்டு அல்ல. ஆயிரக்கணக்கான குரல்கள்!

பேயும் இல்லை, கொலையும் இல்லை. கத்துவது "மாங்க்ஸ் ஷியர்வாட்டர்" என்ற கடல் பறவை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஸ்கோமர் தீவின் பரப்பு சுமார் 720 ஏக்கர்தான். 2018-ம் ஆண்டு கணக்கெடுத்தபோது அங்கே இந்தப் பறவைகள் சுமார் 3½ லட்சம் ஜோடி இருந்தன. பகலில் போய்ப் பார்த்தால் ஒன்றையும் காணோம். பாதி கடலில் இரை தேடும். மீதி தரைக்கு அடியில், முயல் வளை போன்ற பொந்துக்குள் அடைகாக்கும்.

நடக்கத் தெரியாது

இதன் கால்கள் உடம்பின் பின்பக்கம் தள்ளி இருக்கின்றன. நீந்தினால் சூரன். தரைக்கு வந்தால் நெஞ்சால் தவழ வேண்டியதுதான். பெரிய கருமுதுகுக் கடல்காக்கை கண்டுவிட்டால் தீர்ந்தது கதை. அதனால்தான் இருட்டிய பிறகு திருட்டுத்தனமாகக் கரைக்கு வருகிறது. நிலா வெளிச்சம் அடித்தால் அதுகூடக் குறைவு.

ஆனால் வழி மட்டும் மறக்காது. 1952-ம் ஆண்டு, பக்கத்துத் தீவான ஸ்கோகோமில் பிடித்த ஒரு பறவையை விமானத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பன்னிரண்டரை நாளில் தன் பொந்துக்கே திரும்பி வந்துவிட்டது! நடுவே இருந்தது சுமார் 3 ஆயிரம் மைல் கடல்.

ஆயுளும் கெட்டி. வேல்சின் பார்ட்ஸி தீவில் 1957-ல் காலில் வளையம் மாட்டிய பறவை ஒன்று, பல பத்தாண்டுகள் கழித்து உயிரோடு சிக்கியது. வளையம் மாட்டும்போதே அது குஞ்சு அல்ல, வளர்ந்த பறவை!

தனியே ஒரு குஞ்சு

ஜூலை முடிந்தால், வண்ண அலகு "பஃபின்" பறவைகள் தீவை விட்டுப் போய்விடும். "இனி என்ன இருக்கு?" என்று பகல் பயணிகள் நினைப்பார்கள். இரவு தங்குகிற சிலருக்குத்தான் விஷயம் தெரியும்.

ஆகஸ்டு கடைசியில் அலறல் அடங்கத் தொடங்கும். தாயும் தகப்பனும் இரை கொடுப்பதை நிறுத்திவிட்டு தென் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிடும். கொழுத்த குஞ்சு பொந்தில் தனியே கிடக்கும். பசி வந்ததும் ராத்திரியில் வெளியே வந்து, இறக்கையை அடித்துப் பழகும். பிறந்து சுமார் 70 நாளில் ஒரு ராத்திரி கடலை நோக்கிப் பாய்ந்துவிடும். வழிகாட்ட யாரும் கிடையாது. போய்ச் சேருவது பிரேசில், அர்ஜென்டினா கடல் பக்கம்.

தீவில் தங்குகிறவர்கள் மங்கலான சிவப்பு டார்ச்சுடன், சத்தம் போடாமல் பாதையோரம் நின்று இதைப் பார்க்கிறார்கள்.

இரண்டு எமன்கள்

முதல் எமன் விளக்கு. இருட்டில் கிளம்பும் குஞ்சு, கப்பல் விளக்கையும் தெரு விளக்கையும் பார்த்துத் தடுமாறி விழுகிறது. ஸ்காட்லாந்தின் மல்லைக் துறைமுக ஊரில், ரோட்டில் விழும் குஞ்சுகளைத் தொண்டர்கள் பொறுக்கி, அட்டைப் பெட்டியில் வைத்து, பிறகு கடலில் விடுகிறார்கள். நிலா இல்லாத ராத்திரிகளில் அதிகம் விழுவதாக ஆராய்ச்சியில் தெரியவந்துள்ளது.

இரண்டாவது எமன் எலி. பொந்துக்குள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தீர்த்துவிடும். தெற்கே உள்ள லண்டி தீவில் எலித் தொல்லையால் 2001-ல் மிஞ்சியது 297 ஜோடி. 2002 முதல் 2004 வரை எலிகளை ஒழித்தார்கள். 2017-18 கணக்கெடுப்பில் 5 ஆயிரத்து 504 ஜோடியாகப் பெருகிவிட்டது!

ஸ்கோமருக்கு எலி இதுவரை குடியேறவில்லை. படகில், மூட்டையில் சினையான ஒரே ஒரு எலி ஒளிந்து வந்தால் போதும். இந்தப் பறவை வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து ஜோடி சேரவே ஐந்தாறு வருஷம் ஆகும். அதனால் படகு ஏறுமுன் பையை உதறிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பெற்றோரே விட்டுவிட்டுப் போன குஞ்சுக்கு மனிதர்கள் செய்ய வேண்டியது இரண்டே காரியம்: பையைப் பார்ப்பது, விளக்கை அணைப்பது. இரண்டுக்கும் காசு செலவில்லை.