துபாய்க்கு 2½ மணி நேரம், சிங்கப்பூருக்கு 7 மணி நேரமா? குடும்பங்களை குழப்பும் விமான டிக்கெட்!

கடலூர்,-
காலை 10 மணிக்கு சென்னையில் துபாய் விமானம் ஏறினால், பகல் 12½ மணிக்கு எல்லாம் போய் இறங்கி விடலாம். அதே 10 மணிக்கு சிங்கப்பூர் விமானம் ஏறினால், இறங்கும்போது மாலை 5 மணி ஆகிவிடுகிறது.

அப்படியானால் துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரமா? அதுதான் இல்லை!

மீனம்பாக்கத்தில் இருந்து இரண்டுமே சுமார் 2,900 கி.மீ. தூரம்தான். விமானம் பறப்பதும் கூடக்குறைய 4 மணி நேரம்தான்.

கடிகாரத்தின் வேலை

டிக்கெட்டில் புறப்படுகிற நேரம் நம்ம ஊர் மணி. போய்ச் சேருகிற நேரம் அந்த ஊர் மணி. துபாய் கடிகாரம் நம்மை விட 1½ மணி நேரம் பின்னால் ஓடுகிறது. சிங்கப்பூர் கடிகாரம் 2½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது. குழப்பம் எல்லாம் இதில்தான்.

"சிங்கப்பூருக்கும் நமக்கும் 2 மணி நேரம்தானே வித்தியாசம்?" என்று பழைய ஆட்கள் சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். அது ஒரு காலத்தில் சரிதான். 1982 ஜனவரி 1-ந் தேதிதான் சிங்கப்பூரில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள்.

டிக்கெட்டைப் பார்த்து 2½ மணி நேரம் என்று எண்ணிக்கொண்டு, "பிள்ளை இன்னும் போன் போடலையே" என்று வீட்டில் பதறுவது இதனால்தான். அப்போது அவன் நடுக்கடலுக்கு மேலே பறந்து கொண்டிருப்பான்.

அழைத்து வரப் போகிறவர்களுக்கும் இதே கதிதான். துபாயில் விடியற்காலை 3 மணிக்கு ஏறுகிறவர் சென்னையில் இறங்க காலை 8½ மணி ஆகும். மூன்றும் நாலும் ஏழு என்று கூட்டி, 7 மணிக்கே காரோடு போய் நின்றால் பார்க்கிங் காசுதான் தண்டம்.

தேதியில் கோட்டை விடாதீர்

இதைவிட மோசம் நள்ளிரவு விமானம். "8-ந் தேதி 00.30" என்று போட்டிருந்தால், 7-ந் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 8-ந் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு கிளம்பினால் விமானமும் இல்லை, டிக்கெட் பணமும் இல்லை!

இனி தரைக் கணக்கு. கடலூர்-சிதம்பரம் ரோட்டை ஒட்டிய செம்மங்குப்பத்தில் இருந்து மீனம்பாக்கம் சுமார் 180 கி.மீ. காரில் 4 மணி நேரம் ஆகும். கடல் தாண்டி 2,900 கி.மீ. பறக்கவும் அதே 4 மணி நேரம்தான்!

வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். பொதுவாக 1 மணி நேரத்துக்கு முன்பே கவுண்ட்டரை மூடி விடுவார்கள். பிறகு கெஞ்சினாலும் நடக்காது.

00.30 விமானம் என்றால் இரவு 9½ மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வீட்டில் இருந்து மாலை 5½ மணிக்கு கிளம்ப வேண்டும். வழியில் டீ குடிக்க, டயர் பஞ்சர் ஒட்ட நேரம் தனி.

செம்மங்குப்பம் ரெயில்வே கேட்டில் 2025 ஜூலை 8-ந் தேதி பள்ளி வேன் மீது ரெயில் மோதி 3 மாணவர்கள் பலியானதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. விமானத்துக்கு நேரமாச்சு என்று கேட்டில் அவசரப்படுத்துகிற வேலை வேண்டாம். சாயங்காலம் 4½ மணிக்கே வண்டியை எடுத்துவிட்டால், கேட் மூடியிருந்தாலும் நின்று, ரெயிலை விட்டுவிட்டே போகலாம்.